ஏ மட்டும் ஏன் சார்?

வெளிநாட்டில் படிக்கும் பேரனுக்கு ஸ்பானிஷும் ஒரு பாடம். போன வாரம் போனில், "தாத்தா, அவங்க கேள்வியை ஆரம்பிக்கும்போதே தலைகீழா ஒரு கேள்விக்குறி போடுவாங்க" என்றான். 1754இல் ஸ்பெயினின் அரச மொழிக் கழகம் செய்த ஏற்பாடு அது. காரணமும் உண்டு. 'வந்தான்', 'வந்தானா' இரண்டுக்கும் அங்கே ஒரே சொல்தான், குரலில்தான் வித்தியாசம். வாசிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எ, யா முதலில் வரும், ஆ, ஓ கடைசியில், ஏ இரண்டிலும். சுந்தரபாண்டியபுரத்தில் வெளியே கிளம்பி நிற்கிறவரிடம் 'எங்கே போறிய?' என்று யாரும் கேட்கமாட்டோம், போகிற காரியம் விளங்காதாம். 'தூரமா?' என்போம். ஒரு ஆகாரத்தில் வேலை முடிந்தது. (சூரியகாந்தி பூத்தால் படமெடுக்க வருகிற கூட்டம் 'எங்கே, எங்கே' என்றுதான் தெருவெல்லாம் கேட்கும். அவர்களை விடுங்கள்.)

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அதில் விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா. தமிழாசிரியனாக இருந்த காலமெல்லாம் நான் கேட்டது அறிவினா மட்டுமே. பரீட்சைத் தாளும் அப்படித்தான். பிள்ளைகளின் அறியாவினாவுக்குத்தான் வகுப்பில் முதல் இடம் தரவேண்டும் என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு வந்த ஞானம் என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஒரு நாள் வினா எழுத்து நடத்தும்போது கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "ஏ மட்டும் ஏன் சார் ரெண்டு பக்கமும் வருது?"

"அது அப்படித்தான். உட்காருல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை, அடுத்து நடத்தவேண்டிய பகுதியிலேயே இருந்தது. 'ஏன்' என்பதில் ஏ சொல்லோடு பிறந்தது, எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. அது அகவினா. 'நீயே?' என்பதில் ஏ வெளியிலிருந்து வந்து ஒட்டியது, எடுத்தாலும் 'நீ' நிற்கும். அது புறவினா. எழுத்து ஒன்று, இருப்பு வேறு. இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும் சொல்ல.

பேரனுக்கு இதைச் சொன்னேன். "அந்த அண்ணாகிட்ட அப்புறம் சொன்னீங்களா தாத்தா?" என்றான்.

சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க அவனும் கை தூக்கவில்லை.