கால்களோடு மனமும் நடக்கட்டும்

தைப்பூசத்தையொட்டி ஒவ்வோர் ஆண்டும் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் தேவஸ்தானத்திலிருந்து இரவில் புறப்படும் வெள்ளிரதம், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து மறுநாள் பத்துமலைத் திருத்தலத்தை அடைகிறது. ரதத்துடன் ஆயிரமாயிரம் பக்தர்கள் வெறுங்காலுடன் நடக்கின்றனர். பினாங்கில் தண்ணீர்மலையை நோக்கியும், ஈப்போவில் கல்லுமலையை நோக்கியும், சிங்கப்பூரில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தை நோக்கியும் இவ்வாறே பக்தர் வெள்ளம் நகர்கிறது. பால்குடம், காவடி, அலகு எனக் காணிக்கைகள் பலவாயினும் அவை அனைத்திற்கும் பொதுவானது நடைதான். எதையும் சுமக்க இயலாதவரும் நடையை முருகனுக்குக் காணிக்கையாக்கலாம்.

அந்த நடையின் அருமை, அது இல்லாமற்போனபோது நன்கு விளங்கியது. பெருந்தொற்றுக் காலமான 2021இல் பக்தர் ஊர்வலமின்றி ரதம் மட்டும் பத்துமலைக்குச் சென்றது. சிங்கப்பூரில் 2021, 2022 ஆகிய ஈராண்டுகளும் பாத ஊர்வலம் நடைபெறவில்லை. 2023இல்தான் அது மீண்டது. வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் தரிசனம் கண்டவர்கள், பூசை அனைத்தும் முறைப்படி நிறைவேறியும் ஏதோ ஒன்று குறைந்ததாக உணர்ந்தனர். குறைந்தது நடைதான்.

நடை திரும்பிவிட்டது. ஆயினும் நடையால் விளைய வேண்டிய பயன் திரும்பியதா என்னும் வினா பெரியோர் பலரின் உள்ளத்தில் எழாமலில்லை. ரதத்தைத் தொடரும் கூட்டத்தில் அடுத்து நடப்பவர் யாரென ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒரு கையில் பால்குடமும் மறு கையில் கைப்பேசியுமாகச் செல்லும் இளைஞரைக் காண்பது அரிதன்று. இரைச்சலில் நாமசங்கீர்த்தனம் மூழ்கிப்போகிறது. தண்ணீர்ப் பந்தலில் பெற்ற குவளை பத்தடி தாண்டுமுன் சாலையில் விழுகிறது. இவற்றைக் கண்டு இளையோர்மீது சினம் கொள்வது எளிது. ஆனால் அவர்களுக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. கூட்டம் வேறு, குழு வேறு. கூட்டத்தில் ஒருவர் மறைந்துவிடலாம். குழுவிலோ தம்மையே எதிர்கொள்ள நேரும். மனிதரைப் பண்படுத்தும் ஆற்றல் பாதயாத்திரைக்கு உண்டெனில், அது வழிநடத்துவோருடன் குழுவாக நடக்கும்போதுதான் முழுமையாக வெளிப்படும்.

இதற்குச் சான்று தேட வேண்டின், முருகனடியார் போற்றும் மற்றொரு தலமாகிய கதிர்காமத்தை நோக்கலாம். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய அத்தலத்திற்கு, ஆடித் திருவிழாவை முன்னிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து அடியார்கள் நடந்து செல்லும் மரபு நெடுங்காலமாக இருந்து வருகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தில் தொடங்கும் அப்பயணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கிழக்குக் கரையோரமாகவே தெற்கு நோக்கிச் செல்கிறது. திருக்கோவில், பொத்துவில் ஆகிய ஊர்களைக் கடந்து உகந்தை முருகன் ஆலயத்தை அடைந்தபின், யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் குமண, யால வனங்களின் ஊடே அடியார்கள் நடக்கின்றனர். திருவிழாக் காலத்தில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டுமே அக்காட்டுவழி திறந்துவிடப்படுகிறது. முழு யாத்திரைக்கும் ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகிறது.

அந்நடையில் வேல் தாங்கியவர் முன்செல்ல, மற்றவர் பின்தொடர்வர். வைகறையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஓர் ஆலயத்திலோ மரநிழலிலோ தங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடப்பர். ஆணாயினும் பெண்ணாயினும், செல்வராயினும் வறியவராயினும், ஒருவரையொருவர் சாமி என்றே அழைப்பர். பதவி, பட்டம், ஊர்ப்பெருமை யாவும் அச்சொல்லில் கரைந்துபோகின்றன. வழிநெடுகக் கிராமத்து மக்கள் அளிக்கும் அன்னமே யாத்திரிகரின் உணவு.

வீட்டில் பலருக்கு உணவளித்துப் பழகியவர், அங்கே ஓர் ஏழைக் குடியானவர் இடும் சோற்றுக்காக இலையின்முன் அமர வேண்டும். கொடுப்பது எளிது, கொடுப்பவருக்குக் கை மேலே இருக்கும். பெறுவதற்கோ பணிவு வேண்டும். தருமம் செய்து புகழ் பெற்றவருக்குப் பெறக் கற்பதுபோல் அகந்தையை அடக்கும் பயிற்சி வேறொன்றில்லை. அந்தச் சோற்றை மறுப்பின்றி உண்ணும் வேளையில், ஆயிரம் சொற்பொழிவு கேட்டும் இளகாத நெஞ்சும் இளகிவிடும்.

இரண்டாவது பாடம் வேகத்தைப் பற்றியது. தனியே நடப்பவர் தம் விருப்பம்போல் நடக்கலாம். குழுவாக நடப்பவரோ, கால் தளர்ந்த மூதாட்டியின் வேகத்திற்குத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் அது எரிச்சலைத் தரலாம். பின்னர், வாழ்நாள் முழுவதும் யாருக்காகவும் நின்றதில்லை என்பது உறைக்கத் தொடங்கும். தாய்க்காகவோ மனைவிக்காகவோ பிள்ளைக்காகவோ நின்று நடந்திருக்கலாமே என்னும் எண்ணம் எழுமானால், அங்கே யாத்திரை பலித்துவிட்டது.

மூன்றாவது பாடம் மௌனம். நெடுந்தொலைவு நடப்பவரிடம் பேச்சு தானே அடங்கும். அது அடங்கியதும் பழைய கோபங்களும் மறைத்து வைத்த குற்றவுணர்வுகளும் தலைகாட்டும். கால் கொப்புளத்தைவிட அவை அதிகம் வலிக்கும். நடந்து சேரும் கதிர்காமத்திலும் கருவறை திரையால் மூடப்பட்டே இருக்கிறது. அங்குப் பூசை செய்பவர் வாய்க்குத் துணிகட்டி மௌனமாகவே வழிபடுகிறார். அத்தனை நாள் நடந்து வந்தவருக்குத் திரைக்கு அப்பால் இருப்பதைக் கண்ணால் காண வேண்டுமென்ற தவிப்பு குறைந்து, உள்ளே நோக்கும் பழக்கம் உண்டாகியிருக்கும்.

இப்பயிற்சிக்கு வழிநடத்துபவர் இன்றியமையாதவர். தண்ணீர் எங்கே கிடைக்கும், எந்த ஆற்றை எவ்விடத்தில் கடக்கலாம், யாருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்பதையெல்லாம் அறிந்தவர் அவர். அவர் ஓயாமல் உபதேசம் செய்வதில்லை. ஒருவர் அழுதால் உடன் நடப்பார். இருவர் பிணங்கினால் இடையே நடப்பார்.

போர்க்காலத்தில் அந்த யாத்திரை தடைப்பட்டது. 1988இல் ஒரு சிறு குழுவினர் கிழக்குக் கரையோரம் மீண்டும் நடக்கத் தொடங்கினர். 2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து நடக்கும் பழைய மரபும் உயிர்பெற்றது. பெருங்கூட்டம் கூடாத நாள்களிலும் மரபைக் காத்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிலரே என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

ஒன்றரை மாத நடை எங்கே, ஓர் இரவு நடை எங்கே என்று சிலர் கேட்கலாம். நேர்த்திக்கடன் அவரவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது, அதில் குழுவுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் தைப்பூச விரதம் ஓர் இரவில் முடிவதன்று. 48 நாள் விரதமிருப்போர் இந்நாட்டில் பலர் உள்ளனர். அந்த ஒரு மண்டலமே யாத்திரை. பத்துமலையின் 272 படிகள் அதன் கடைசிப் பகுதி மட்டுமே. நேர்த்தி தனிப்பட்டதாயினும் மரபு அதைத் தனியே நிறைவேற்றச் சொல்லவில்லை. குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் காவடி சுமந்து நடக்கும் நகரத்தார், தலைமுறை தலைமுறையாகக் குழுவாகவே நடந்து வருகின்றனர். 1859இல் டேங்க் ரோடு ஆலயத்தை எழுப்பியவர்களும் அந்தச் சமூகத்தினரே.

எனவே ஆலய நிர்வாகத்தினர் முன்னின்று சில ஏற்பாடுகளைச் செய்வது சாலச் சிறந்தது. ஒவ்வோர் ஆலயமும் இருபது அல்லது முப்பது பேர் கொண்ட நடைக்குழுக்களை அமைக்கலாம். பல்லாண்டு நடந்து அனுபவம் பெற்ற ஒருவரை முன்னும், பொறுமை மிக்க ஒருவரைப் பின்னும் நடக்கச் செய்யலாம். பின்னால் நடப்பவருக்குப் பின்னே குழுவினர் ஒருவரும் விடுபடலாகாது. விரதக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் குழுவினர் கூடி வழிபட்டு, நடையின் நோக்கத்தைப் பற்றிப் பேசலாம். இம்முறை எந்தக் குறையை விட்டுவிட விரும்புகிறேன் என்னும் ஒரே கேள்வியை ஒவ்வொருவரும் மனத்திற்குள் சுமந்து நடக்கட்டும். வழியின் ஒரு பகுதியைக் கைப்பேசியும் பேச்சும் இன்றி மௌனமாகக் கடக்கட்டும். தம் குப்பையைத் தாமே சுமந்து செல்லட்டும்.

உடல்நலனையும் புறக்கணிக்கலாகாது. நீரிழிவு நோயாளிக்கு வெறுங்காலில் ஏற்படும் சிறு காயமும் ஆபத்தாக முடியலாம். அத்தகையோர் மருத்துவரைக் கலந்துகொள்வதும், தேவையானால் காலணியுடன் நடப்பதும், குறைந்த தொலைவு நடப்பதும் பக்திக் குறைவாகா. தொடக்கத்தில் நடக்க இயலாதவர் முடிவில் சில நூறு அடியேனும் குழுவோடு சேர்ந்துகொள்ள வழி செய்யலாம்.

எல்லாவற்றினும் மறக்கப்படுவது நடைக்குப் பிந்திய நாள்தான். திருவிழா முடிந்து ஒரு வாரத்தில் குழுவினர் மீண்டும் ஒருமுறை கூட வேண்டும். விட்டுவிடுவதாக எண்ணியதை விட்டாயிற்றா என்று யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கூடியிருந்தாலே போதும்; அந்தக் கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்ள அது போதிய காரணமாகும். மதுவை விட நினைத்த ஒருவருக்கு, உடன்பிறந்தாரோடு பேச நினைத்த ஒருவருக்கு, அந்த ஒரு மாலை பெருந்துணையாக அமையலாம்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் அமைத்து ஆண்டுதோறும் அறம் வளர்க்கும் ஆலயப் புரவலர்கள், அந்தத் தாராளத்தில் ஒரு சிறு பங்கை நடைக்குழுத் தலைவர்களைப் பயிற்றுவிக்கவும் முதலுதவிக்கும் ஒதுக்கினால், அப்புண்ணியம் ஒருநாள் பசியைத் தீர்ப்பதோடு நில்லாது. இன்னும் ஒரு படி மேலே சென்று, புரவலர்களில் சிலர் தாமும் ஒரு குழுவில் பெயர் பதிந்து, பிறர் இடும் மோரைப் பருகி, பிறர் வேகத்தில் நடந்து பார்க்கலாம்.

2010இல் திறக்கப்பட்ட பத்துமலை ரயில் நிலையம் மலையடிவாரம் வரை பக்தர்களைக் கொண்டு சேர்க்கிறது. முதியோருக்கும் கைக்குழந்தையுடன் வருவோருக்கும் அது பெரும் வசதி. அவர்களது வழிபாடு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் நடக்க வலிமையுள்ள இளையோர், சென்று சேர்வதற்காக மட்டும் நடப்பதில்லை. அவர்களுக்கு வழிகாட்ட ஒருவரும், உடன்வரச் சிலரும் தேவை. இந்த ஆண்டு ஓர் ஆலயம் ஒரு குழுவைத் தொடங்கினாலும் போதும். இருபது பேர் மாறிய மனத்துடன் வீடு திரும்பினால், இருபது குடும்பங்களில் தைப்பூசம் ஆண்டு முழுவதும் நீடிக்கும்.