காசுல ஜூபிடர் இருந்தாலும் எடை குறைஞ்சா குறைஞ்சதுதான்!

ரோமானியப் படைவீரனோட வருஷ சம்பளம் 225 தினாரியஸ், அதாவது 9 தங்கக் காசு. கி.பி. 64 வாக்குல பேரரசர் நீரோ அந்தக் காசோட எடையைச் சுமார் 7.8 கிராமிலிருந்து 7.3 ஆகக் குறைச்சார். அந்தப் புதுக் காசு சிலதுல ஒரு பக்கம் நீரோ முகம். மறுபக்கம் சிம்மாசனத்துல 'காவலன் ஜூபிடர்'. படத்துல பாதுகாப்பு, கையில எடைக் குறைவு!

அதே 9 காசு. ஆனா கணக்குப்படி தங்கம் 70 கிராமிலிருந்து 66 ஆயிடுச்சு. சுமார் 20 வருஷம் கழிச்சு டொமிஷியன்தான் சம்பளத்தை 12 காசா உயர்த்தினார்.

உங்க இன்க்ரிமென்ட் லெட்டரும் ஒரு காசுதான். விலைவாசி 6% ஏறி, ஹைக் 4% வந்தா, என்னைப் பொறுத்தவரை அது சம்பள வெட்டு. லெட்டர்ல இருக்கற 'வாழ்த்துகள்' ஜூபிடர் படம் மாதிரி. எடையைப் பாருங்க, அப்புறம் மேனேஜர்கிட்ட பேசுங்க.