படிச்சது கெமிஸ்ட்ரி, பார்க்கிறது கோடிங்: ஆஸ்திரேலியா போக உங்க அனுபவம் எத்தனை வருஷம் செல்லும்?

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர் ஜாவா எழுதுகிறார். மெக்கானிக்கல் இன்ஜினீயர் டெஸ்டிங் டீமுக்கு லீட். பி.காம். முடித்தவர் ராத்திரி ஷிப்ட்டில் டேட்டாபேஸ் பார்க்கிறார். ஓ.எம்.ஆரில் எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும் இப்படிப் பத்துப் பேர் இருப்பார்கள். அங்கே யாரும் யாரிடமும் "நீ என்ன டிகிரி?" என்று கேட்பதில்லை. வேலை ஓடுதா, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி வருவது, வெளிநாட்டில் குடியேற விண்ணப்பம் போடும்போது. குறிப்பாக ஆஸ்திரேலியாவுக்கு. அங்கே உங்களை எடை போடப்போவது விசா அதிகாரி மட்டும் இல்லை. அவருக்கு முன்னால் ஏசிஎஸ் எனப்படும் ஆஸ்திரேலியன் கம்ப்யூட்டர் சொசைட்டி உட்கார்ந்திருக்கிறது. ஐ.டி. வேலைகளுக்கான திறன் மதிப்பீட்டை அந்நாட்டு அரசு இந்த அமைப்பிடம்தான் ஒப்படைத்திருக்கிறது.

சம்பந்தமில்லாத டிகிரி இருந்தால் கதவு மூடிவிடும் என்று நினைத்துப் பலர் விண்ணப்பமே போடுவதில்லை. அது தவறு. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை பணம் இல்லை, வருஷங்கள்.

இது யாருடைய பிரச்சினை?

விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் – மரக்காணம் சாலையில் இருக்கும் பிரம்மதேசத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம், மேற்கே போனால் திண்டிவனம். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு, பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருப்பது திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி. அங்கே எந்தப் பாடத்தில் இடம் கிடைக்கிறதோ, அதுதான் டிகிரி. ஹாஸ்டல் கட்டணமும் டொனேஷனும் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் "எனக்குப் பிடிச்ச குரூப்" என்ற வசதி.

அதற்குப் பிறகு ஐ.டி. கம்பெனிகள் வந்தன. டி.சி.எஸ். 'இக்னைட்' என்ற பெயரில் அறிவியல் பட்டதாரிகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. விப்ரோ, பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிக்க வைத்தது. பொறியியல் கல்லூரிகளில் "எல்லா பிராஞ்சும் வரலாம்" என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். ஸோஹோ இன்னும் ஒரு படி மேலே போய், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தன் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்து வேலையில் சேர்க்கிறது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும், எந்தப் பாடம் படிக்கிறவரையும் வேலைக்கான திறனோடு வெளியே அனுப்பத்தான் பார்க்கிறது.

ஆக, டிகிரியும் வேலையும் வேறு வேறாக இருப்பது யாரோ ஒருவர் வழி மாறிப் போனதால் அல்ல. நம்ம ஊர் ஐ.டி. துறை வளர்ந்ததே இப்படித்தான்.

ஏசிஎஸ் எப்படிக் கணக்குப் போடுது?

முதலில் உங்கள் டிகிரியில் கம்ப்யூட்டர் பாடங்கள் எவ்வளவு என்று பார்க்கும். பட்டத்தின் பெயர் மட்டும் போதாது, மதிப்பெண் பட்டியலில் உள்ள பாடங்கள்தான் முக்கியம். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் பாடத்திட்டத்தைச் சரியாகக் காட்டினால் ஓரளவு பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே முறையான எம்.சி.ஏ. முடித்தவர்கள் அந்தப் பட்டத்தைத்தான் முதலில் முன்வைக்க வேண்டும்.

கெமிஸ்ட்ரி, காமர்ஸ், மெக்கானிக்கல் போன்றவற்றுக்கு வேறு பாதை. அதன் பெயர் ஆர்பிஎல், அதாவது முன்பே கற்றதை அங்கீகரித்தல். காலேஜில் படிக்காத கம்ப்யூட்டர் அறிவை வேலையில் கற்றுக்கொண்டீர்கள் என்று நீங்களே எழுதி நிரூபிக்க வேண்டும்.

அடுத்தது கழித்தல். நீண்டகாலமாக இருந்துவரும் கணக்கு இது: கம்ப்யூட்டர் படிப்பும், அதோடு நெருங்கிய வேலையும் இருந்தால் அனுபவத்தில் 2 வருஷம் கழிப்பார்கள். சம்பந்தமில்லாத டிகிரி என்றால் 6 வருஷம். டிகிரியே இல்லை என்றால் 8 வருஷம். கழித்தது போக மிச்சம் இருக்கும் வருஷங்களுக்குத்தான் விசா புள்ளிகள் கிடைக்கும். விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் ஏசிஎஸ் தளத்தில் உள்ள வழிகாட்டியைத்தான் நம்ப வேண்டும்.

ஒரே டீம், ஒரே வேலை, வேற வேற புள்ளி

ஒரு உதாரணக் கணக்கு. இரண்டு பேர் 22 வயதில் ஒரே டீமில் சேர்கிறார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னொருவர் கெமிஸ்ட்ரி. இப்போது இருவருக்கும் 30 வயது, 8 வருஷ அனுபவம்.

25 முதல் 32 வயதுக்கு 30 புள்ளி. இளநிலைப் பட்டத்துக்கு 15. ஆங்கிலத் தேர்வில் மிக உயர்ந்த நிலைக்கு 20. இதுவரை இருவருக்கும் சமம்: 65.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கெமிஸ்ட்ரி பட்டத்துக்கும் அதே 15 புள்ளி உண்டு, ஏனென்றால் கல்விப் புள்ளிக்குப் பாடம் வேலையோடு பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் அந்தப் பட்டத்தின் தரத்தை வெட்டசஸ் போன்ற வேறொரு அமைப்பிடம் தனியாகச் சான்று வாங்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் 15 புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

அனுபவத்தில்தான் வித்தியாசம் வருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரருக்கு 2 போக 6 வருஷம், அதற்கு 10 புள்ளி. கெமிஸ்ட்ரிக்காரருக்கு 6 போக 2 வருஷம். 3 வருஷத்துக்குக் குறைந்தால் புள்ளியே இல்லை. மொத்தம் 75-க்கு எதிரே 65.

65 என்பது பாஸ் மார்க் மட்டும்தான். அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கே முதலில் அழைப்பு போகும். சரி, காத்திருக்கலாமா? 31 வயதில் 9 வருஷ அனுபவம் ஆகும், கழித்தது போக 3, அதற்கு 5 புள்ளி. அடுத்த 5 புள்ளிக்கு 11 வருஷ அனுபவம் வேண்டும். அப்போது வயது 33. வயதுப் புள்ளி 30-லிருந்து 25-ஆக இறங்கிவிடும். ஒரு கையில் கிடைப்பது இன்னொரு கையில் போய்விடும்.

மாநில அரசின் பரிந்துரை கிடைத்தால் 5 புள்ளி, பெருநகரங்களுக்கு வெளியே குடியேற ஒப்புக்கொள்ளும் தற்காலிக விசா என்றால் 15 புள்ளி கூடும். ஆர்பிஎல் வழியில் போகிறவர்கள் முதல் நாளே இந்த இரண்டையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுவது நல்லது.

ஆர்பிஎல்-ல என்ன எழுதணும்?

இரண்டு பகுதிகள். முதலாவது, கம்ப்யூட்டர் துறையின் அடிப்படை அறிவுகளில் எவை உங்களுக்குத் தெரியும், அவற்றை எங்கே, எப்படிக் கற்றீர்கள் என்று விளக்குவது. இரண்டாவது, நீங்கள் வேலை பார்த்த இரண்டு புராஜெக்ட் பற்றிய அறிக்கை. ஒன்று கடைசி 3 வருஷத்துக்குள், மற்றொன்று கடைசி 5 வருஷத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை.

இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். "எங்கள் டீம் செய்தது, கிளையன்ட் கேட்டார், டெலிவர் செய்தோம்" என்று எழுதுவது. கேட்கப்படுவது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. என்ன சிக்கல் வந்தது, என்னென்ன வழிகள் இருந்தன, நீங்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே இடித்தது, எப்படிச் சரி செய்தீர்கள்? மற்றவர்களோடு டீயைக் குடித்துக்கொண்டே இதைச் சரளமாகச் சொல்ல உங்களால் முடியும். அதையே எழுத்தில் கொண்டு வரணும். கிளையன்ட் பெயர், ரகசியத் தகவல்களை வெளியிடாமல் "ஒரு வங்கிக்காக" என்ற அளவில் எழுதினால் போதும்.

"நாங்களே எழுதித் தர்றோம் சார்"

இந்த விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். ஒரே மாதிரி அறிக்கையைப் பெயரை மாற்றிப் பத்துப் பேருக்கு விற்கும் வியாபாரம் இது. ஏசிஎஸ் வந்த அறிக்கைகளை நகல் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறது. மாட்டினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதோடு நிற்காது. விசா கட்டத்தில் பொய்யான ஆவணம் என்று முடிவானால், ஆஸ்திரேலியச் சட்டப்படி 3 வருஷம் விசா மறுக்கப்படலாம். ஏற்கெனவே 6 வருஷத்தை இழந்தவர் மேலும் 3 வருஷத்தை இழப்பார்.

இலக்கணம் பார்க்க, வடிவம் சரி செய்ய ஆள் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் விஷயம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மற்ற நாடுகள்ல எப்படி?

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், உங்கள் பட்டம் அங்கே எந்த அளவுப் பட்டத்துக்குச் சமம் என்று மட்டும் பார்ப்பார்கள். வேலைக்கும் பாடத்துக்கும் சம்பந்தம் தேடுவதில்லை.

ஜெர்மனி 2023 நவம்பரிலிருந்து ஐ.டி. ஆட்களுக்கு விதியைத் தளர்த்தியது. கடைசி 7 வருஷத்தில் 3 வருஷம் பொருத்தமான அனுபவம் இருந்தால், டிகிரி இல்லாமலே நீல அட்டை பெறலாம். ஆனால் கையில் வேலை ஆஃபர் வேண்டும், சம்பள வரம்பையும் தொட வேண்டும்.

அமெரிக்காவின் எச்-1பி விசாவில், குறைகிற ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் 3 வருஷ அனுபவத்தை ஈடாகக் காட்டலாம் என்பது பழைய விதி. ஆனால் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்துக்குப் பிறகு அந்தப் பாதையின் கணக்கே வேறாகிவிட்டது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். எந்த நாடும் அனுபவத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லா நாடும் அதை எழுத்தில் கேட்கிறது.

இன்னைக்கே தொடங்க வேண்டியது

வெளிநாடு போகும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் இவற்றைச் சேர்த்து வையுங்கள்:

- ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும், நீங்கள் செய்த பணிகளை விவரித்து லெட்டர்பேடில் கையெழுத்தோடு ஒரு கடிதம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, எந்த நாடு என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறைந்த வேலை கணக்கில் வராது.
- சம்பளச் சீட்டு, படிவம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக்.
- ஒவ்வொரு புராஜெக்ட் முடிந்ததும் அரைப் பக்கக் குறிப்பு: சிக்கல், உங்கள் பங்கு, பயன்படுத்திய தொழில்நுட்பம், முடிவு.
- ஹெச்.ஆர். பணி விவரக் கடிதம் தர மறுத்தால், மேலதிகாரியோ உடன் வேலை பார்த்தவரோ தரும் உறுதிமொழிப் பத்திரம். அவர்கள் வேலை மாறிப்போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

ஏசிஎஸ் தரும் முடிவு 2 வருஷம்தான் செல்லும். சீக்கிரமே வாங்கி வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் திரும்பவும் பணம் கட்ட வேண்டி வரும்.

கம்பெனிகளும் அரசும் என்ன செய்யணும்?

மேலே சொன்னதெல்லாம் தனி ஆள் செய்துகொள்ள வேண்டியது. ஆனால் பாரம் முழுவதையும் அவர் தலையில் வைப்பது நியாயம் இல்லை.

"எந்த டிகிரியாக இருந்தாலும் வா" என்று அழைத்தது கம்பெனிகள். பல வருஷம் வேலை வாங்கிக்கொண்டு, விலகும்போது அவை தருவது மூன்று வரி அனுபவச் சான்று: பெயர், பதவி, தேதி. செய்த பணியை விவரிக்கக் கேட்டால் "எங்க பாலிசி இல்லை" என்ற பதில். இதில் கம்பெனிக்கு எந்தச் செலவும் இல்லை. ஊழியருக்கோ பல வருஷ உழைப்பு இதில்தான் இருக்கிறது. விலகும் ஒவ்வொருவருக்கும் பணி விவரக் கடிதம் கேட்காமலே தரப்பட வேண்டும். முதல் அடியை அரசோடு சேர்ந்து பயிற்சித் திட்டங்கள் நடத்தும் பெரிய நிறுவனங்களே எடுத்து வைக்கலாம்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இதே ஆர்பிஎல் என்ற பெயரில், தொழிலைக் கையால் கற்றவர்களுக்குச் சான்று தரும் ஏற்பாடு உண்டு. 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, வேலை அனுபவத்தையும் கல்வி மதிப்பாக மாற்ற இடம் தருகிறது. இதை நம்ம பல்கலைக்கழகங்கள் ஐ.டி. ஊழியர்களுக்கு நடைமுறையில் திறந்துவிட்டால், ஆறு வருஷம் கோடிங் எழுதிய வேதியியல் பட்டதாரி, கம்ப்யூட்டர் பட்டத்தை முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை.

பிரம்மதேசத்துக்குக் கிழக்கே இருக்கும் உப்பளத்தைப் பாருங்கள். பாத்தியில் நிற்கும் நீர் ஏறக்குறைய 25 டிகிரி பாமே அடர்த்தியைத் தொடும்போது உப்பு பூக்கும். கருவியில் அளக்காமல், கண்ணால் பார்த்தே அதைச் சொல்லக்கூடியவர்கள் உண்டு. அந்த அறிவுக்கு யாரும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. அதனால் வாழ்நாள் முழுக்க அவர் கூலிக்காரர் என்றே கணக்கில் இருக்கிறார். அந்த வீட்டிலிருந்து படித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைக்கும் அதே கதி வரக்கூடாது.

டிகிரியை இனி மாற்ற முடியாது. இன்று நீங்கள் செய்த வேலையை இன்றே எழுதி வைக்க முடியும்.