இரண்டு காமிராக்கள்

கோடை விடுமுறையில் பழைய அலமாரியைச் சுத்தம் செய்வதுபோல் ஆபத்தான காரியம் வேறு கிடையாது. அரை நாளில் முடியவேண்டிய வேலை மூன்று நாள் இழுத்துவிடும். ஒவ்வொரு சாமானைப்பற்றியும் வீட்டில் யாருக்காவது ஏதாவது சொல்லவேண்டியிருக்குமல்லவா?

இந்தத் தடவை அடித்தட்டிலிருந்து தோல் உறை போட்ட பிலிம் காமிரா ஒன்று வெளிப்பட்டது, நம் சிற்றப்பாவினுடையது. அதே சமயத்தில் நம் மருமான் தன்னுடைய டிஜிடல் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கேட்கவேண்டுமா? எது உயர்ந்தது என்று இருவருக்கும் வாதம் மூண்டது. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறோம் என்ற ஒரே குற்றத்துக்காக நம்மை மத்தியஸ்தராக்கினார்கள்.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுவோம். இரண்டும் ஒற்றை லென்ஸ் ரிப்ளெக்ஸ் ஜாதியைச் சேர்ந்தவை. லென்ஸ் வழியாக வரும் ஒளியைச் சாய்வான ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகிறது; மேலேயுள்ள ஐங்கோணப் பட்டகம் அதை நம் கண்ணுக்கு நேராக்கித் தருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது. ஷட்டர் திறந்து மூடுகிறது. இதுவரையில் சிற்றப்பாவும் மருமானும் ஒரே கட்சிதான். ஒளி எதன்மேல் விழுகிறது என்பதிலேதான் பேதம்.

பிலிமில் வெள்ளி உப்புக்களின் நுண்ணிய துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. ஒளிபட்ட துகள்கள் ரஸாயனத்தில் கழுவும்போது கறுக்கின்றன. டிஜிடல் காமிராவிலோ லக்ஷக்கணக்கான சிறு அறைகள் ஒளியை மின்சாரமாக மாற்றி எண்களாக எழுதிவைக்கின்றன. அநேகமான காமிராக்களில் நாலு அறைக்கு இரண்டின்மேல் பச்சை வடிகட்டியும், ஒன்றின்மேல் சிவப்பும், மற்றொன்றின்மேல் நீலமும் இருக்கும். நம் கண் பச்சைக்கே அதிகமாக வசப்படுவதால் அதற்கு இரட்டைப் பங்கு!

இந்த பேதத்தால் விளையும் அநுபவம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உச்சி வெயிலில் வெள்ளை வேஷ்டி உடுத்தவரைப் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நெகடிவ் பிலிமில் ஒளி கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் வேஷ்டியின் மடிப்புக்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டிஜிடலில் அறை நிரம்பி வழிந்துவிட்டால் மடிப்பு மறைந்து வெறும் வெள்ளைதான் மிஞ்சும். நிழலிலோ கதை தலைகீழ். அங்கே டிஜிடல் பிழைத்துக்கொள்ளும், பிலிம் தவிக்கும். ஆகவே, பிலிமுக்கு ஒளியைக் குறைக்காதே, டிஜிடலுக்கு ஒளியை மிஞ்சவிடாதே என்பது பாடம்.

செலவைப்பற்றிச் சிற்றப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் காசு போகிறது. கழுவி வருகிறவரையில் கண் மூடிய படம் எது, கை நடுங்கிய படம் எது என்று தெரியாது. "அதனால்தான் நாங்கள் யோசித்து எடுத்தோம்!" என்றார் அவர். வாஸ்தவம். ஆனால் தப்பை உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளும் மருமான் ஒரு மாதத்தில் கற்றதைச் சிற்றப்பா ஒரு வருஷத்தில் கற்றிருப்பார் என்பதும் வாஸ்தவந்தான்.

நிற்க. இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1975-ல் அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற இளம் இன்ஜினீயர் முதல் டிஜிடல் காமிராவைச் செய்துகாட்டினார். அதன் படத்தில் பதினாயிரம் புள்ளிகளே. ஒரு படத்தை காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. 1999-ல் வந்த நிக்கான் டி-1 காமிராவில் புள்ளிகள் சுமார் 27 லக்ஷமாயின. பிலிமை நம்பி வளர்ந்த கோடாக் 2012-ஆம் வருஷம் ஜனவரியில் பாப்பர் மனுச் செய்துகொண்டது. தன் வீட்டிலேயே பிறந்த குழந்தையை அது கடைசிவரையில் சரியாக அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிலிமுக்கு அந்நியரை எதிர்பார்க்கலாகாது என்று 1960-ல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஸ்தாபிக்கப்பட்டது. 'இந்து' என்ற பெயருடன் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்-ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. இன்று அந்த ஆலை ஓய்ந்துவிட்டது. நீலகிரியில் செய்த பிலிமில் பதிந்த முகங்கள் மட்டும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

தீர்ப்புச் சொல்லுமுன் நமது அவமானத்தையும் சொல்லிவிடவேண்டும். சில வருஷங்களுக்கு முன் தஞ்சாவூருக்கு மாணவர்களை அழைத்துச்சென்று டிஜிடலில் எடுத்த நானூறு படங்களைக் கம்ப்யூட்டரின் ஒரே தகட்டில் வைத்திருந்தோம். ஒருநாள் அந்தத் தகடு மௌனமாயிற்று, நானூறும் போயின. சிற்றப்பாவின் நெகடிவ்களோ காகித உறையில் நாற்பது வருஷம் கிடந்தும் வெளிச்சத்தில் பிடித்தால் பேசுகின்றன.

உடனே சிற்றப்பா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். அப்போது நம் தாயார் அதே உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, "இந்தக் குழந்தை யார்?" என்று கேட்டாள். சிற்றப்பா பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். படம் துல்லியமாகத்தான் இருந்தது. யார் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் இப்போது இல்லை.

ஆகையால் நமது தீர்ப்பு இது. எடுப்பதற்கு டிஜிடலே சௌகரியம். பிலிமில் பிரியமுள்ளவர்கள் அதை விடவேண்டியதில்லை. டிஜிடல் படங்களை இரண்டு தனி இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இருபது படங்களையாவது காகிதத்தில் அச்சிடுங்கள். நெகடிவ்களையும் லென்ஸ்களையும் பூஞ்சணம் பிடிக்காதபடி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் பின்புறத்தில் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் மெதுவாகப் பென்ஸிலால் எழுதுங்கள்.

அன்று மாலை தாயாரைக் கூடத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டிக் கேட்டு எழுதினோம். சிற்றப்பா பெயர் சொன்னார், மருமான் எழுதினான். அறுபத்திரண்டு படங்களில் ஐம்பத்தைந்துக்குப் பெயர் கிடைத்தது. பாக்கி ஏழையும் அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துச்செல்லப் போகிறோம். அங்கே யாராவது பெரியவர் அடையாளம் சொல்லக்கூடும்.