கறி இல்லாமல் சோறு இறங்காதா?

"எங்க வீட்ல கவிச்சி இல்லாம ஒரு வாய்ச் சோறு இறங்காது." இதைக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், பேருந்தில் கேட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்த வரிசையிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் குரலில் ஒரு பெருமை இருக்கும். குறையில்லாமல் தின்கிற வீடு என்ற பெருமை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பல வருஷம் நானும் இதைச் சொன்னவள்தான். இன்று இது பொய் என்று எழுதுகிறேன். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் உடம்பில் போய் விடிகிற பொய்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. நான் குடல் குழம்பு வைக்கிற அன்று தெருமுனை வரை மணக்கும். கறி தின்னாதவர் உயர்ந்தவர், தின்கிறவர் தாழ்ந்தவர் என்று இந்த நாட்டில் நெடுங்காலமாக ஒரு அளவுகோல் இருக்கிறது. 'சைவர்களுக்கு மட்டும்' என்று சொல்லி வாடகை வீட்டை மறுக்கிறவர்களும், மாட்டுக்கறியின் பேரால் மனிதனை அடிக்கிறவர்களும் அந்தக் கோலைத்தான் கையில் பிடித்திருக்கிறார்கள். 2017 மே மாதம் மாட்டுச் சந்தைகளுக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அன்று மூச்சு விட்டவர்களில் நானும் ஒருத்தி. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் என் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, அது யார் தட்டுக்குப் போகிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

"தாத்தன் பூட்டன் காலத்துலேருந்து கறி தின்னு வளர்ந்த உடம்பு" என்பார்கள். எந்தத் தாத்தன்? கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவள் நான். தீபாவளி, அம்மன் கோயில் கொடை, இவை போக எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடா அறுபடும். ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்கும்படி கூறு போட்டு வைப்பார்கள். அப்பா ஓலைக்கொட்டானில் ஒரு கூறு வாங்கி வருவார். அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். வீட்டில் நாங்கள் 9 பேர்.

அந்த அரைக் கிலோவை அம்மா எப்படி ஆண்டாள் என்பது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எலும்பை மட்டும் தனியே எடுத்து மஞ்சளும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு வேகவைப்பாள். அந்தச் சாற்றில் ஒரு டம்ளர், சளி பிடித்த பிள்ளைக்கு. சுவரொட்டியைத் தணலில் வாட்டி, உப்பு தொட்டு, வயதுக்கு வந்த அக்காளுக்கு. மீதிக் கறியோடு ஊறவைத்த மொச்சையும் கத்தரிக்காயும் சேரும். அம்மியில் வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், தேங்காய் எல்லாம் இறங்கிக் குழம்பு சட்டி நிறையக் கொதிக்கும்போது வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா இருமுவார், பசி வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கறித் துண்டை எண்ணித்தான் வைப்பாள். ஆளுக்கு 3. குழம்புக்குக் கணக்கில்லை.

மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, பருப்பு, துவையல், கீரை. வாரத்தில் ஒருநாள் கருவாடு. உழுததும் கமலை இறைத்ததும் களை வெட்டியதும் இந்தச் சாப்பாட்டில்தான். கறி தின்று வளர்ந்த பரம்பரை என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பரம்பரை கறியை உயிருக்கு உயிராக நேசித்தது, கொஞ்சமாகத் தின்றது. இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

தினமும் கறி என்பது பிராய்லர் கொண்டுவந்த பழக்கம். கோவை, பல்லடம் பக்கத்தில் பண்ணைகள் பெருகி, ஊருக்கு ஊர் பச்சை வலை கட்டிய கோழிக்கடை வந்த பிறகுதான் செவ்வாயும் புதனும் நம் வீட்டில் கோழி வேகத் தொடங்கியது. சுமார் 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடுகிற கோழி அது. ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. அது உண்மையில்லை. இனத்தைத் தேர்ந்து தேர்ந்து பெருக்கியதும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனமும்தான் அந்த வேகத்துக்குக் காரணம். என் கட்சிக்கு உதவும் என்பதற்காக ஒரு வதந்தியைத் துணைக்கு அழைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தீவனம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கரிசலில் கம்பும் பருத்தியும் நின்ற எத்தனையோ புஞ்சைக் காடுகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. நாம் தின்ற தானியத்தின் இடத்தில் கோழி தின்கிற தானியம். துவரையையோ மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் இறக்குகிறோம்.

கறி இல்லாமல் இறங்காது என்கிற அதே வீட்டில் கார்த்திகை பிறந்ததும் என்ன நடக்கிறது? அண்ணன் மாலை போடுகிறார். 41 நாள், சிலர் 48 நாள், முட்டை கூடக் கிடையாது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், ஒரு வேளைச் சாப்பாடு, செருப்பில்லாத கால். அதன் பிறகு எருமேலியில் பேட்டை துள்ளி, அழுதையும் கரிமலையும் ஏறி இறங்கி, தலையில் இருமுடியோடு பெருவழியில் நடக்கிறார். உடம்பில் தெம்பில்லை என்று யாரும் பாதியில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. புரட்டாசியில் எத்தனையோ வீடுகளில் மாதம் முழுக்கக் கறிச்சட்டி கவிழ்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா தவக்காலம் 40 நாளும் கறி தொடுவதில்லை, அந்த நாட்களிலும் தையல் மிஷினில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கிறார். சாமிக்காக இறங்குகிற சோறு, உடம்புக்காக ஏன் இறங்காது? இறங்கும். மனசு வைக்காததைத் தொண்டையின் மேல் போட்டுவிடுகிறோம்.

சத்து என்ற பேச்சுக்கு வருகிறேன். என்னைச் சுட்டது இதுதான். வாரத்தில் 4 நாள் கோழி வேகிற என் வீட்டில், 10ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 8. "வீட்ல நான்வெஜ்தானே சாப்பிடுறீங்க?" என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு முன்னால் பதில் இல்லாமல் நின்றேன். அவளுக்குக் கோழி 65 இருந்தால் போதும், கீரையைத் தொட மாட்டாள், பருப்பை ஒதுக்குவாள், சாப்பிட்ட கையோடு டீ குடிப்பாள். கறிதான் தின்கிறாளே என்று நானும் விட்டிருந்தேன். 100 கிராம் கோழிக்கறியில் இருக்கும் இரும்புச்சத்து 1 மில்லிகிராமை ஒட்டித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டும் என்று சொல்வது 29 மில்லிகிராம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேர் அசைவம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறி தின்கிற வீடு என்கிறோம். ஆம்பளைகளும் பையன்களும் முதல் பந்தியில் தின்றெழுந்த பிறகு, சட்டியை வழித்துச் சோற்றைப் போட்டுப் பிசைகிறவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கறியைக் குறைப்பது என்றால் அவள் தட்டிலிருந்து எடுப்பது இல்லை. அவள் தட்டில் கூடவும் வேண்டும். கர்ப்பிணிக்கு ஈரலை மறுக்காதீர்கள். சத்துணவில் வாரம் 5 நாள் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற முட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. மாதத்தில் ஒருநாள் கறி எடுக்கவே கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. வாரத்தில் 4 நாள் கிலோக் கணக்கில் எடுத்து, மீதியைப் பிரிட்ஜில் வைத்து, அதற்கும் மேலே இரவில் பிரியாணி வரவழைக்கிற வீட்டோடுதான் என் சண்டை. அந்தப் பிரிட்ஜில் சாசேஜ் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளட்டும்: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது.

புரதம்? 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 கிராம் போதும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம், நிலக்கடலையில் 25, கோழிக்கறியில் 20ஐ ஒட்டி. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கொடுக்கும் பருப்பை இளைத்தவன் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, சத்துக்காகக் கோழிக்கடைக்குப் போகிறோம். சோறும் பருப்பும் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும். அதோடு சிறிது கறி சேர்ந்தால் பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அம்மாவின் மொச்சை போட்ட கறிக்குழம்பு வறுமையின் ஏற்பாடு என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது அறிவாளியின் சமையல்.

"எல்லாம் சரி, வீட்ல ஒத்துக்கிடணுமே" என்பீர்கள். நானும் முட்டி மோதினேன். முதலில், இனிமேல் வாரம் 2 நாள்தான் கறி என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன். மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான், கணவர் இரவு புரோட்டா சால்னா வாங்கி வந்தார். அடுத்து மீல்மேக்கரைச் சுக்காவாக வறுத்துக் கறி மாதிரியே இருக்கிறது என்று பரிமாறினேன். அது இன்னும் பெரிய தப்பு. கறிப் பிரியரின் நாக்கை ஏமாற்ற முடியாது. ஏமாற்றப் பார்த்தால் அடுத்த நாள் நல்ல மீல்மேக்கரையும் தொட மாட்டார். பலாக்காயைப் பலாக்காயாகவே மிளகு தட்டிப் பிரட்டி வையுங்கள், வாழைக்காயை மீன் மசாலாவில் வறுத்தாலும் வாழைக்காய் என்றே சொல்லுங்கள். அவர்கள் ஏங்குவதில் பாதி மசாலாவுக்கும் வதங்குகிற சின்ன வெங்காயத்துக்கும்தான். அதைக் காய்க்குக் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை, பொரியல் என்றால் கடுகு தாளித்து இறக்கிவிடுகிறோம். பழந்தமிழில் கறி என்றால் மிளகு. காய்கறி என்று நாம் சொல்கிற சொல்லிலேயே காய்க்குப் பக்கத்தில் கறி உட்கார்ந்திருக்கிறது.

பிறகு அறிவிப்பை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை 1 கிலோ ஆட்டுக்கறியை முக்கால் ஆக்கினேன், அப்புறம் அரை. எடுத்ததை எலும்பாக எடுத்தேன், மொச்சையைக் கூட்டினேன். மாமனார்தான் கண்டுபிடித்தார்.

"என்னம்மா, கறியத் தேடித் தேடித் திங்க வேண்டியிருக்கு?"

"சாறெல்லாம் மொச்சையில இறங்கியிருக்கு மாமா, அதோட பிசைஞ்சு பாருங்க."

பிசைந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டு, "எங்க ஆத்தா இப்படித்தான் வைப்பா" என்றார். கறி தின்று வளர்ந்த உடம்பு என்று அதுவரை என்னோடு வாதாடியவர் அவர்தான்.

இதில் நான் மறைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. கோழி வாங்கினால் வேலை குறைவு. கடைக்காரரே வெட்டித் தருகிறார். மசாலாப் பொடி இருக்கிறது, குக்கர் இருக்கிறது, வேலைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு வீடு திரும்புகிற பெண் ஏழேகாலுக்குள் எல்லோருக்கும் சோறு போட்டுவிடலாம். முருங்கைக்கீரை அப்படி இல்லை. உருவ வேண்டும். மொச்சையை முதல் நாளே ஊறப்போட வேண்டும், வாழைப்பூவை ஆய வேண்டும். வீடு கறியைக் குறைக்க மறுக்கிறது என்கிறோமே, அதில் பாதி நாக்கு மறுப்பது இல்லை, அரிவாள்மனையில் உட்கார ஆள் இல்லாததுதான். கறியைக் குறை என்று பெண்ணுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கிற ஆலோசனை எதையும் நான் ஏற்க மாட்டேன். அது அவள் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது. கணவரிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. கறி வேண்டும் என்று கேட்க வாய் இருந்தால் கீரை உருவக் கையும் இருக்கட்டும் என்று சொன்னேன். அன்று கோபித்துக்கொண்டார். மறுவாரம் கத்தியை எடுத்தார்.

இப்போது சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய பேப்பர் விரித்திருக்கும். மாமனார் ஊறிய மொச்சையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போடுவார், தோல் ஒரு பக்கம் தெறிக்கும். கணவர் முருங்கைக்கீரையை உருவுவார், காம்பு கலந்துவிட்டது என்று மகள் பொறுக்கித் தூர எறிவாள். போன வாரம் மகன் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டான்:

"நாளைக்குக் கறி எவ்வளவும்மா வாங்கணும்?"

"அரைக் கிலோ. நெஞ்செலும்பாக் கேளு. சுவரொட்டி இருந்தா தங்கச்சிக்கு ஒண்ணு."