கோர்ட்டுக்குக் காகிதம் வாங்குகிறவர்

கோர்ட் என்றால் நீதிபதியும் வக்கீலும்தான் நினைவுக்கு வருவார்கள். சம்மன் படிவம், காகிதம், மை, பீரோ, கம்ப்யூட்டர் ஆகியவற்றை வாங்கித் தரும் கொள்முதல் குமாஸ்தாவை யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அவர் வேலை தடுமாறினால் தீர்ப்பு நகல் தடுமாறும். வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம் தொழிலாளி, விபத்து நஷ்டஈட்டு வழக்குக்காக ஒருநாள் கூலியை இழந்து கோர்ட்டுக்குப் போகிறார். "மை தீர்ந்துவிட்டது, நாளை வா" என்றால் மறுநாள் கூலியும் போயிற்று!

இந்தப் பொறுப்பு இன்று பெருகியிருக்கிறது. மின்-நீதிமன்றத் திட்டத்தின் 3-ஆம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதில் 2,038 கோடி, வழக்குக் கட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகளில் 144-ஆவது விதி, வாங்கும் பொருளின் தரம், வகை, அளவு ஆகியவற்றைத் தெளிவாகக் குறிக்கச் சொல்கிறது. தேவைக்கு மேல் வாங்காதே என்கிறது. எந்தக் கோர்ட்டுக்கும் பொருந்தும் இலக்கணம் இது. தரத்தைச் சரியாக எழுதாமல் டெண்டர் விட்டால், மட்டமான சரக்கே மலிவு விலையில் முந்திக்கொள்ளும். பல ஆண்டு காக்க வேண்டிய கட்டில் எழுத்து மங்கினால் மிச்சம் பிடித்த காசால் என்ன லாபம்?

எனவே, கொள்முதல் ஊழியர்களுக்குத் தக்க பயிற்சி தர வேண்டும். சரக்கைச் சோதித்த பிறகே பில் பாஸாக வேண்டும். மட்டமான பொருளைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்பும் ஊழியரை மேலதிகாரிகள் தணிக்கையின்போது கைவிடக் கூடாது. நேர்மையான குமாஸ்தாவும் நீதிக்குத் துணை நிற்பவரே.