அமிலத்தில் கழுவினால் போதுமா?

பெங்களூரின் சாக்கடைக் கசடை அமிலத்தில் கழுவிவிட்டால் கன உலோகங்கள் போய்விடும், மிச்சம் முழுவதும் நல்ல உரம் என்கிறது ஒரு வாதம். பாதி உண்மைதான். கந்தகத்தைத் தின்று அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு துத்தநாகத்தையும் தாமிரத்தையும் நன்றாகவே கரைத்தெடுக்கலாம். ஈயம் அப்படி வராது. சல்பேட்டாக மாறிக் கசடிலேயே படிந்துவிடும்.

அமிலம் உலோகத்தை மட்டும் கரைப்பதுமில்லை. உழவருக்கு வேண்டிய பாஸ்பரஸிலும் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. கசடின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு வாங்க வேண்டும். உலோகம் கரைந்த அந்த நீரை எங்கே விடுவது? இந்தக் கேள்விக்கு அந்த வாதத்தில் பதிலே இல்லை.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, மாநகரக் குப்பை உரத்தில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும், நிக்கலும் குரோமியமும் தலா 50 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பெங்களூரின் பீன்யா பகுதியில் உலோக முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு வீட்டுச் சாக்கடையோடு கலந்தால், அந்த வரம்பு எட்டாக்கனிதான். அந்தப் பக்கத்து நீரைச் சுமக்கும் விருஷபாவதி ஆறு அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. வழியில் பைரமங்கலா ஏரிநீரில் பயிர் செய்யும் ஊர்கள் இருக்கின்றன.

நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2015-இல் தொடங்கிய மலக்கசடு நிலையத்துக்கு வருவது வீட்டுக் கழிவறைத் தொட்டிகளின் கசடு. பட்டறைக் கழிவு கலக்காததால், அதை உரமாக்க அமிலக் குளியல் தேவைப்படவில்லை. அமிலத் தொட்டிக்கு ஒதுக்கும் பணத்தைப் பட்டறை வாசலிலேயே குரோமியத்தைப் பிடிக்கும் பொதுச் சுத்திகரிப்புக்கும், அங்கே ஓயாத சோதனைக்கும் முதலில் செலவிடட்டும்.